அடி ஒட்டிய சொம்பு

ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைக்கக் கூடாது என்பது ரசம் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வைத்துவிடுவார்கள். புளித்தண்ணீர் ஊற்றுவதற்குள் வாசலில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள், இல்லை குழந்தை அழுதிருக்கும். திரும்பி வந்து பார்த்தால் சொம்பின் அடி சுருங்கி, பர்னர் மேல் வெள்ளிச் சொட்டாக வடிந்திருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, சொம்பும் பிழைக்கும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது.

அப்படி அடி போன சொம்புகள் என்னிடம் வரும். கும்பகோணத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவன் நான். சொம்பு அடிக்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் போனால் பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். மாமியார் கொடுத்தது, கல்யாணச் சீரில் வந்தது என்று பிரிய மனம் இல்லாதவர்கள், "அடியை மட்டும் அடைச்சுக் கொடுப்பா" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். அடைத்துக் கொடுத்தேன். எதை வைத்து அடைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொழில் அப்பாவிடம் கற்றது. 1973-ல், பன்னிரண்டு வயதில், படிப்பை நிறுத்திவிட்டுத் துருத்தி சுற்றப் போனேன். கரிமூட்டையையும் துருத்தியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவோம். "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ" என்று தெருமுனையில் அப்பா குரல் கொடுத்தால், தவலை, குண்டான், அடுக்கு, காபி டபரா என்று வீட்டுக்கு வீடு எடுத்து வந்து வைப்பார்கள். மரநிழலில் சின்னக் குழி தோண்டி, துருத்தியின் மூக்கை மண்ணில் புதைத்துக் கரியை மூட்டுவோம்.

அண்டா மாதிரிப் பெரிய பாத்திரம் என்றால், உள்ளே மணலும் தேங்காய் நாரும் போட்டு நான் ஏறி நிற்பேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பத் திருப்ப, பாதத்துக்கு அடியில் கறுப்பு தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிய ஆரம்பிக்கும். பிறகு அடுப்பு. சூடு பதமா என்று பார்க்க அப்பாவிடம் கருவி ஏதும் கிடையாது. நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பினால் பதம். ஈயக்குச்சியால் உள்ளே ஒரு கோடு இழுப்பார். அது உருகி முத்து முத்தாக ஓடும். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அந்த முத்துகளைத் துரத்தித் துரத்தித் தேய்ப்பார். மஞ்சள் முழுவதும் ஒரே மூச்சில் வெள்ளையாகும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேனோ, இன்றைக்கும் அந்த நொடியில் கண்ணை எடுக்க முடியாது.

அப்பா வாயில் 'ஈயம்' என்று மொட்டையாக வராது. வெள்ளீயம் என்பார், இல்லை காரீயம் என்பார். ஊர் அப்படிப் பேசாது. ரசச் சொம்பும் ஈயம், பேட்டரித் தட்டும் ஈயம், மீன்வலைக் குண்டும் ஈயம். பென்சிலுக்குள் இருப்பதைக்கூடக் காரீயம் என்கிறோம், அதில் எந்த ஈயமும் இல்லை. இரண்டு உலோகமும் மிருதுவாக, சீக்கிரம் உருகுவதாக இருப்பதால் ஒரே பெயரில் அடங்கிவிட்டன. வெள்ளீயம் வயிற்றுக்குள் போனாலும் பெரும்பாலும் ஒட்டாமல் வெளியே வந்துவிடும். காரீயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் காலத்துக் கட்டிகள் மலேயாவில் உருக்கியவை, மேலே அச்சு பதித்திருக்கும். அப்படியும் அப்பா நம்பமாட்டார். கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குச்சியாக வார்ப்பார், ஆறியதும் காதுக்குப் பக்கத்தில் பிடித்து வளைப்பார். சுத்தமான வெள்ளீயம் வளையும்போது நறநறவென்று சத்தம் போடும், தூக்கத்தில் குழந்தை பல்லைக் கடிப்பது போல. "அழுதுதா?" என்று என் காதிலும் பிடிப்பார். காரீயம் சத்தமே இல்லாமல் வளையும். இன்னொரு சோதனை, வெள்ளைத் தாளில் ஒரு இழுப்பு. காரீயம் சாம்பல் கோடு போடும், வெள்ளீயம் போடாது. கடைசியாக எடை. தண்ணீரைப் போல 7.3 மடங்கு கனம் வெள்ளீயம். காரீயம் 11.3 மடங்கு. ஒரே அளவுத் துண்டுகள் இரண்டை இரண்டு உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு டீ கிடையாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அப்போது புரியவில்லை. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று பழமொழி சொல்கிறோம். உண்மையில் ஈயம் இல்லாவிட்டால் பித்தளையில் புளிக்குழம்பு வைக்கவே முடியாது, களிம்பு ஏறிவிடும். 1980களில் புனேயில் மருத்துவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் கெட்டு இறந்த பச்சைக் குழந்தைகள் பலருக்குப் பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைத்த மாட்டுப்பால் புகட்டப்பட்டிருந்தது. பாலில் இறங்கிய செம்பு ஈரலில் சேர்ந்திருந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011-ஆம் வருட விதிகளிலும், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைத்த உணவு சாப்பிடத் தகாதது என்று இருந்தது. ஈயம் பூசுகிறவன் சோற்றுக்கும் செம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர் எழுப்புகிறான். அந்தச் சுவரிலேயே விஷம் கலந்தால் வீட்டுக்காரருக்குத் தெரிய வழியே இல்லை. கலப்படப் பூச்சும் பூசின அன்று அதே மாதிரிதான் பளபளக்கும். சொல்லப்போனால் காரீயம் கலந்தது இன்னும் சுலபமாக ஓடும், கைக்கு வாகாகப் படியும். தொழிலாளிக்கே ஆசை காட்டுகிற கலப்படம் அது.

எவர்சில்வர் வந்து எங்கள் தெருக்களைக் காலி செய்தது. அப்பா இறந்தபோது மாதத்துக்கு இருபது பாத்திரம் வந்தால் பெரிது. வெள்ளீயம் காரீயத்தைப் போலப் பல மடங்கு விலை. ரசச் சொம்புக்கு ஒட்டு வைக்கிற வேலை கூடியது அந்த வருடங்களில்தான்.

ஒட்டு வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சொம்பும் வெள்ளீயம், ஒட்டும் வெள்ளீயம் என்றால் இரண்டும் ஒரே சூட்டில் உருகும். ஒட்டு இளகும்போது சொம்பின் சுவரும் இளகி, ரூபாய் அகல ஓட்டை உள்ளங்கை அகலமாகிவிடும். மூன்று சொம்பை அப்படிக் கெடுத்துப் பணம் கொடுத்திருக்கிறேன். பிறகு ரேடியோ ரிப்பேர் கடையில் ஒருவர் பற்றவைக்கிற கம்பியைக் கொடுத்தார். இரும்பைக் காய்ச்சித் தொட்டதும் இளகி ஓடியது, சொம்பின் சுவர் அசையவில்லை. அழகான ஒட்டு. அந்தக் கம்பியில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம். அது கலந்ததால்தான் 190 டிகிரிக்குள்ளேயே உருகுகிறது, அதனால்தான் எனக்கு வேலை சுலபமானது. அதை நான் வளைத்துக் காதில் வைத்துப் பார்க்கவில்லை. தாளில் இழுத்தும் பார்க்கவில்லை. கட்டி வாங்கினால் செய்கிற சோதனை எதையும் கம்பிக்குச் செய்யவில்லை. 'இது ஒட்டுதானே' என்று மனம் சொல்லியது. அப்பா இருந்திருந்தால் கம்பியைக் கையில் எடுத்ததும் கனத்தைக் கேட்டிருப்பார். 1990களின் நடுவிலிருந்து 2014 வரை அந்தக் கம்பியால் ஒட்டு வைத்தேன்.

2014-ல், ஆடி மாதம், ஒரு மாமி வந்தார். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். திண்ணையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அவருடைய அம்மா காலத்துச் சொம்பு. நான் ஒட்டு வைத்தது. அமெரிக்காவுக்குப் போன மகள் ஆசைப்பட்டு எடுத்துப் போயிருந்தார்.

"ஏம்ப்பா, இந்த அடியில என்ன வெச்சே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"ஈயம்தான் மாமி."

"எந்த ஈயம்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

பேத்திக்கு இரண்டு வயது. அங்கே அந்த வயதில் வழக்கமாகச் செய்கிற ரத்தப் பரிசோதனையில் காரீயம் இருந்திருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அப்போது அங்கே விசாரிப்பார்கள். 2021-ல் அந்த அளவை 3.5 ஆக இறக்கிவிட்டார்கள். குழந்தைக்கு 5-க்கும் மேல். வீட்டுக்கு ஆள் வந்து சுவர்ப் பெயின்ட், ஜன்னல், தண்ணீர்க் குழாய் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் சமையலறைக்கு வந்திருக்கிறார்கள். துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவியைச் சொம்பின் சுவரில் வைத்தபோது வெறும் வெள்ளீயம் என்றது. அடியில், அந்த ஒட்டின்மேல் வைத்தபோது காரீயம் என்று எண் ஏறியது. குழந்தைக்குத் தினமும் ரசஞ்சாதம். புளி, தக்காளி, கொதி. புளிப்பும் சூடும் சேர்ந்தால் காரீயம் கரைந்து இறங்குவதற்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

"குழந்தை எப்படி இருக்கா மாமி?"

"நன்னா ஓடி ஆடிண்டிருக்கா. அதான்ப்பா பயமா இருக்கு, வெளியில ஒண்ணுமே தெரியலையே."

அன்று மாமி போனபிறகு அந்தச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விரலை விட்டால் என் அரம் இழுத்த கோடுகள் விரல்நுனியில் பட்டன. ஒட்டைச் சுற்றி மட்டும் உலோகம் கொஞ்சம் குழிந்து, சொரசொரப்பாகி, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் வைத்தபோது அது மேடாக, வழவழப்பாக இருந்தது. குழிந்த அளவு எங்கே போனது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

என் மகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித் தருகிறாள். அவள்தான் பொறுமையாக விளக்கினாள். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து ஏமாந்து உள்ளே விடுகிறது. பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப் போல நாலைந்து மடங்கு குழந்தைகள் உடம்பு ஏற்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் கூடுதல். ரத்தத்தில் மாதக்கணக்கு, எலும்பில் வருடக்கணக்கு. கர்ப்பமான பெண்ணின் எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். படிப்பு மந்தமாகும், கவனம் சிதறும், ஆனால் காய்ச்சல் மாதிரி ஒரு நாளில் காட்டிக்கொடுக்காது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சில் உட்கார்ந்து 'மக்கு' என்று அடி வாங்குகிற பிள்ளைகளை நினைத்துக்கொள்வதாக அவள் சொன்னாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் நகைக்கடைத் தெருவுக்குப் போனேன். தங்கத்துக்கு டச் பார்க்கிற கடையில் இதே மாதிரி எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது. தெரிந்த பையன் ஒருவன் வேலை பார்க்கிறான். தங்கத்துக்கென்று அமைத்தது என்பதால் மற்ற உலோகங்களில் அளவு துல்லியமாக இருக்காது என்று முதலிலேயே சொன்னான். இருக்கிறதா இல்லையா என்று காட்டினால் போதும் என்றேன். கம்பியில் காரீயம் காட்டியது, எதிர்பார்த்ததுதான். பிறகு பூச்சு வேலைக்கு 'சுத்தம்' என்று ஒரு கடையில் பல வருடமாக வாங்கிவந்த கட்டியை வைத்தான். அதிலும் காரீயம் இருந்தது. கொஞ்சம்தான். வளைத்தபோது அழுத கட்டிதான் அது, தாளில் கோடு போடாத கட்டிதான். அப்பாவின் சோதனைகள் கொள்ளையாகக் கலந்ததைப் பிடிக்கும், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைப் பிடிக்காது. காதையும் கையையும் நம்பி நான் பூசிய தவலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. கடைக்காரரிடம் கேட்டபோது, மொத்த வியாபாரியிடம் வருவதைத்தான் விற்கிறேன் என்றார். அவரும் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பரிசோதனைச் சீட்டு இல்லாத கட்டியை நான் தொடுவதில்லை.

என் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தேன். விசாரிக்க வேண்டும் என்று சொல்லும் அளவைப் போலப் பல மடங்கு. துணியால் தேய்த்த கையோடு வெற்றிலை மடித்துப் போட்டது, கரி அடுப்புக்குப் பக்கத்திலேயே இலையை விரித்துச் சாப்பிட்டது எல்லாம் ஞாபகம் வந்தது. அப்பா கடைசி வருடங்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். மணிக்கட்டு தொங்கி, இடுக்கியைப் பிடிக்க முடியாமல் போயிற்று. காரீயம் ஏறியவர்களின் ஈறோரத்தில் நீலக்கறுப்பாக ஒரு கோடு விழும் என்று டாக்டர் சொன்னார். அப்பாவின் ஈறு முழுவதும் வெற்றிலைக் கறை. கோடு இருந்ததா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

இந்தத் தொழிலை மட்டும் குற்றம் சொல்லி மற்றவற்றை விட்டுவிட முடியாது. வார்ப்புப் பித்தளையில் உருகல் நன்றாக ஓடவும் அரம் சுலபமாகப் பிடிக்கவும் காரீயம் சேர்ப்பது உண்டு. குத்துவிளக்குக்குச் சரி. பழைய பித்தளைக் குழாய், விளக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கி உருளி வார்த்தால் அந்தக் காரீயம் பாயசத்துக்கு வரும். அலுமினியத்திலும் இதே கதை. அலுமினியத்துக்கும் காரீயத்துக்கும் சம்பந்தமே இல்லை, வண்டிப் பாகம், கம்பி என்று கிடைத்த கழிவை எல்லாம் உருக்கி வார்க்கும்போது கூடவே வந்துவிடுகிறது. கேமரூனில் உள்ளூர்ப் பட்டறைகளில் வார்த்த அலுமினியப் பானைகளை 2014-ல் ஆய்வு செய்தபோது, சமைக்கும்போதே காரீயம் உணவில் இறங்குவது தெரிந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிகிறது என்று எச்சரிக்கை விட்டது. அந்த எச்சரிக்கையில் இருந்த ஒரு பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இண்டாலியம். நம் வீடுகளில் குழம்புச் சட்டியும் இட்லிச் சட்டியும் அதுதான். எல்லா இண்டாலியமும் விஷம் என்று அர்த்தமில்லை. எந்த ஆலையில், எந்த உலோகத்தை உருக்கினது என்று தெரியாத சட்டியில் புளிக்குழம்பு வைத்து, மறுநாள் வரை அதிலேயே வைத்திருக்காதீர்கள் என்றுதான் தெரிந்தவர்களிடம் சொல்கிறேன்.

யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கையில், உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் காரீயம் இருக்கிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். முக்கியக் காரணம் பேட்டரி உருக்கும் இடங்கள், மற்றவை பலதும் உண்டு. மகள் அந்த எண்ணைப் படித்துக் காட்டியபோது, அந்தப் பெரிய கணக்கில் என் பங்கு எத்தனை என்றுதான் எனக்கு ஓடியது.

கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன். பூச்சு வேலையை எழுதியிருந்தேன், ஒட்டு வேலையைப் பாதிதான் எழுதியிருந்தேன். நோட்டும் ஞாபகமும் சேர்த்துப் பதினேழு சொம்பு. ஒரு மாதம் சைக்கிளில் சுற்றினேன். சில வீடுகளில் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள், ஒரு வீட்டில் முதலில் கதவைச் சாத்தினார்கள். அதுவும் நியாயம்தான். ஒரு பாட்டி, "எங்காத்துல எல்லாரும் நன்னாத்தான் இருக்கோம்" என்று சொம்பைத் தரமாட்டேன் என்றார். அவர் கண்ணெதிரே ஒட்டை வெள்ளைத் தாளில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். சாம்பல் கோடு. பாட்டி அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பேரனின் அம்மாவைக் கூப்பிட்டார்.

பதினேழில் பன்னிரண்டு திரும்பி வந்தன. ஒட்டுகளை வெட்டி எடுத்து, டப்பாவில் போட்டு மூடி, பரணில் வைத்திருக்கிறேன். மாமியின் பேத்திக்குச் சொம்பை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் அளவு இறங்கியிருந்தது. மாமியே வீட்டுக்கு வந்து சொன்னார். இப்போது அடி போன சொம்பு வந்தால் ஒட்டு வைப்பதில்லை. முழுவதையும் டச் பார்த்து, சுத்தம் என்றால் உருக்கிச் சொம்பு அடிக்கிறவரிடம் நானே கொடுத்துப் புதிதாக வாங்கித் தருகிறேன். பாட்டி கொடுத்த சொம்பின் உலோகம் அதே உலோகம்தான் என்று சொல்லித் தருகிறேன்.

மீதி ஐந்து சொம்பு கிடைக்கவில்லை. இரண்டு வீட்டார் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கம் என்றார்கள், மற்றதற்கு விவரமே இல்லை. மூன்று சொம்பு யார் கொண்டுவந்தது என்பதே ஞாபகம் இல்லை. உங்கள் வீட்டில் கும்பகோணத்துச் சொம்பு இருந்தால் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில், நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஓரமாக, பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கும். மற்ற இடத்தைவிட நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். உள்பக்கம் விரலை வைத்தால் அரம் போட்ட கோடுகள் குறுக்காகத் தட்டுப்படும். அது என் கைவேலை. அதில் இனி ரசம் வைக்க வேண்டாம். குழந்தை இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஊருக்கு வரும்போது சொம்பை எடுத்து வாருங்கள், எடைக்கு எடை சுத்த வெள்ளீயம் தருகிறேன்.